பதற்றக் குரல்

கோகிலவாணி டீச்சர் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் கட்டிவிட்ட பட்டையை வார்டுக் கதவருகே காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. புடவைத் தலைப்பால் பட்டையைத் துடைத்துவிட்டு மறுபடி காட்டினார். மறுபடியும் சிவப்பு. பின்னால் யாரோ ஒரு மருமகன் மாமனாருக்கு இளநீரோடு வந்தார். அவர் கையை நீட்டியதும் பச்சை எரிந்து கதவு வழிவிட்டது. டீச்சரும் அவரோடு ஒட்டிக்கொண்டு நுழையப் பார்த்தார். "மன்னிக்கவும், இந்தப் பட்டைக்கு அனுமதி இல்லை" என்று கதவு பணிவாகச் சொல்லிவிட்டு மூஞ்சிக்கு நேரே மூடிக்கொண்டது.

கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய வீட்டுக்காரர் நாச்சிமுத்து படுத்திருந்தார். காலையில் எடுத்த ஸ்கேன் படத்தில், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பிரதானக் குழாய் தொடங்குகிற இடத்திலேயே அடைத்துக்கொண்டிருப்பது தெரிந்துவிட்டது. மறுநாள் காலை நெஞ்சைத் திறக்கிறார்கள். பிழைத்து வருவாரா என்று கேட்டதற்கு டாக்டரே கொஞ்சம் மென்று விழுங்கித்தான் பதில் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் சற்று நேரம் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும், கையைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை பேச வேண்டும். டீச்சர் கேட்டது அவ்வளவுதான்.

"பட்டை கெட்டுப்போச்சாட்டம் இருக்குது, வேற குடுங்க" என்று நர்ஸிடம் கேட்டார்.

நர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், பிறகு டீச்சரைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். "படம் எடுத்தவர்கிட்டக் கேளுங்கம்மா. அவர் சொல்லுவார்" என்றாள்.

படம் எடுத்தவர் பெயர் இம்தியாஸ். உடுமலைப்பேட்டைக்காரர், முப்பது வயதிருக்கும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து இரண்டு வாய்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டார், டீச்சர் எதிரே வந்து நின்றார். இருபத்தெட்டு வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் நடத்திய பார்வை அது. இம்தியாஸ் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

"டீச்சர், ஐயா நல்லாத்தான் இருக்காரு. கவலைப்படாதீங்க."

"அவரு நல்லா இருக்கறாருன்னா நான் ஏந்தம்பி உள்ள போகக்கூடாது?"

"அது வந்து... ரூல்ஸ் டீச்சர்."

"எந்த ரூல்ஸு? மருமகனுக்கெல்லாம் தொறக்குது, பொண்டாட்டிக்குத் தொறக்காதுங்கற ரூல்ஸா?"

இம்தியாஸ் டப்பாவை மூடினார். சொல்லக்கூடாது என்பதுதான் அவருக்குக் கொடுத்திருந்த உத்தரவு. ஆனால் கதவே சிவப்பு விளக்கால் காட்டிக்கொடுத்துவிட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருந்து என்ன பிரயோஜனம் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"இதயத்துக்கு ரத்தம் போற குழாய் சேமியா தடிமன்தான் டீச்சர். அதுவும் சும்மா இருக்காது, துள்ளிக்கிட்டே இருக்கும். ஓடுற பஸ்ல ஜன்னலோரம் உக்காந்திருக்கறவங்க மூக்குத்தியை ரோட்டுல நின்னு போட்டோ எடுக்கற கதைதான். கையில ஊசி வழியா ஒரு மருந்து ஏத்துவோம். அது கலந்ததும் அந்தக் காந்த ஸ்கேனுக்குள்ள ரத்தம் பளிச்சுன்னு தெரியும். ஆனா கொஞ்ச நேரந்தான் அந்தப் பளிச்சு. அதுக்குள்ள இதயம் நிதானமா அடிக்கணும், நாங்க சொல்றப்ப மூச்சை அடக்கணும். இல்லேன்னா படம் கலங்கிரும்."

"அதுக்கு மாத்திரை குடுப்பீங்கல்ல?"

"குடுப்போம். ஐயாவுக்கு வீசிங் இருக்கே, அந்த மாத்திரை ஆகாது. குழாய் விட்டு அயோடின் மருந்து ஏத்திப் பாக்கற பழைய வழியும் அவருக்கு ஒத்துக்கல, உடம்பெல்லாம் தடிச்சுப் போயிருச்சு. அதனால குரல் வெச்சுத்தான் எடுத்தோம்."

இந்தக் கதை நடக்கிற காலத்தில் குரல் வைத்துப் படம் எடுப்பது அதிசயமில்லை. நோயாளியின் போனில் பதிவாகியிருக்கும் பேச்சுகளை எல்லாம் ஒரு மென்பொருள் கேட்டு, அவரோடு அதிகம் பேசுகிற பத்துப் பன்னிரண்டு பேரின் குரலை அப்படியே செய்துவிடும். காதில் கருவியை மாட்டி, ஒவ்வொரு குரலிலும் 'மூச்சை இழுங்கள், அடக்குங்கள்' என்று சொல்லவைத்துப் பார்ப்பார்கள். எந்தக் குரலுக்கு நாடி தணிகிறதோ அது அமைதிக் குரல். அந்தக் குரலை வைத்தே படத்தை எடுத்து முடித்துவிடுவார்கள். எந்தக் குரலுக்கு நாடி எகிறுகிறதோ அது பதற்றக் குரல்.

மருந்தில்லாத வைத்தியம் என்று ஊரே மெச்சியது. மெச்சியதோடு நிற்கவில்லை. ஒரு மில் முதலாளிக்குத் தன் டிரைவர் குரலில்தான் இதயம் அடங்கியது என்று தெரிந்ததும் அவர் மனைவி அந்த டிரைவரை அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பினார். இரண்டு மகன்கள் உள்ள ஒரு வீட்டில், அப்பாவின் அமைதிக் குரல் சின்னவனுடையது என்று வெளியே கசிந்து, பெரியவன் அறுவை சிகிச்சைக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை. கல்யாணத் தரகர்கள் மாப்பிள்ளை வீட்டாரிடம் 'பொண்ணு குரலுக்குப் பையன் நாடி எப்படின்னு ஒரு டெஸ்ட் எடுத்துக்கலாமுங்களா' என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி முடிவுகளை ரகசியமாக்கியது. ரகசியமென்றால், வாயால் சொல்ல மாட்டார்கள். அடைப்பு மோசமாக இருக்கிறவர்களுக்கு ஆபரேஷன் முடியும்வரை நாடி ஏறக்கூடாது என்பதால், பதற்றக் குரலுக்குச் சொந்தக்காரர்களைக் கதவே பார்த்துக்கொள்ளும்.

டீச்சருக்குப் புரிய நேரமாகவில்லை. பாடம் நடத்திப் பழகியவர்.

"அப்ப என்ற பேச்சக் கேட்டா அவருக்குப் பதறுது. அதான?"

இம்தியாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சர் வராந்தாவில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முதலில் வந்தது கோபம். அவர் பீடியை விடவைத்தது யார்? சர்க்கரைக்கு ராகிக்களி கிண்டிப் போட்டது யார்? பிறகு வெட்கமாக இருந்தது. நர்ஸுக்குத் தெரியும், வாட்ச்மேனுக்குத் தெரியும், அந்த இளநீர் மருமகனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். அதற்கும் பிறகு, மெஷின் சொன்னது சரியாக இருக்குமோ என்ற எண்ணம் மெல்ல வந்து உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து அவருக்கு எப்போது போன் செய்திருக்கிறோம் என்று யோசித்தார். மாமனார் வழுக்கி விழுந்தபோது. மஞ்சள் காயப்போட்ட களத்தில் மழை இறங்கியபோது. மகளுக்கு டெங்கு என்று ரிப்போர்ட் வந்தபோது. சும்மா ஒரு நாள், சாப்பிட்டீர்களா என்று கேட்கப் போன் செய்ததாக ஞாபகம் வரவில்லை. இந்தக் குரலுக்கு நாடி ஏறாமல் என்ன செய்யும்?

கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டார். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், கடைசியாக அவரோடு பேசியது காலையில், அவர் இடுப்பிலிருந்து வெள்ளி அரைஞாண் கொடியைக் கழற்றும்போது. "காந்தத்துக்குள்ள ஆகாதாமா, குடுங்க சீக்கிரம், எத்தன வாட்டி சொல்றது" என்று சிடுசிடுத்திருந்தார். அதுதான் கடைசி வார்த்தையாக இருக்க வேண்டுமா?

கைப்பைக்குள் கணவரின் போன் அடித்தது. இம்தியாஸ் அப்போதுதான் ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து டீச்சர் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"நாச்சிமுத்து, மூணு பேஸு வந்துருச்சுப்பா! மோட்டாரப் போட்டுரு. ரெண்டு மணி நேரந்தான் குடுப்பாங்களாமா" என்றது ஓர் ஆண் குரல். லைன்மேன் துரைசாமி. நாச்சிமுத்துவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். ரிட்டயர் ஆன பிறகும் மும்முனை மின்சாரம் வந்ததும் சிநேகிதனுக்குத் தகவல் சொல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது.

அந்தக் குரலைக் கேட்டதும் இம்தியாஸ் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், நேரம் கடந்துவிட்டது. டீச்சர் போனை வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

"இந்தக் கரண்டுக்காரன் குரலா?"

"நான் எதுவும் சொல்லலியே டீச்சர்."

"கரண்டுக்காரன் பேசுனா அடங்குது, நான் பேசுனா பதறுது." டீச்சருக்கே சிரிப்பு வந்தது. சிரித்த வாயிலேயே அழுகையும் வந்தது. கொஞ்ச நேரம் காப்பியைக் குடித்தார். குடித்து முடித்தபோது முகம் மாறியிருந்தது. விடைத்தாளில் விடை சரியாக இருந்து வழி தப்பாக இருந்தால் வருகிற முகம்.

"தம்பி, நீங்க என்ற குரல்ல என்ன சொன்னீங்களோ அத நான் கேக்கோணும்."

"அது முடியாது டீச்சர்."

"ஏன்? குரல் என்றுது. கேட்டவரு என்ற வீட்டுக்காரரு. நடுவுல நீங்க யாரு?"

இம்தியாஸ் சாவியை எடுத்துக்கொண்டார். டீச்சரைக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்துப் போனார். கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெரிய வெள்ளைக் குகை காலியாக இருந்தது. அதற்குள்தான் காலையில் அவர் தனியாகப் படுத்திருந்தார். இம்தியாஸ் காதில் மாட்டும் கருவியைக் கொடுத்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினார்.

"நாச்சிமுத்து, மூச்சை உள்ளே இழுங்கள். அடக்குங்கள்."

டீச்சர் கருவியைப் பிடுங்கிக் கீழே போட்டார். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார், ஏதோ சொல்லக்கூடாததைத் தன் வாயே சொல்லிவிட்டதுபோல. சுத்தமாக அவருடைய குரல். அந்த லேசான கரகரப்பு, வாக்கியத்தின் கடைசியில் வரும் அழுத்தம், எல்லாம்.

"என்ன ஆச்சு டீச்சர்? நீங்க பேசற மாதிரி இல்லையா?"

"பேரச் சொல்லுது" என்றார் டீச்சர்.

"ஆமா. நோயாளி பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கும். ஆள் மாறிடக்கூடாதுல்ல? எல்லாக் குரலுக்கும் ஒரே வாக்கியந்தான். அப்பத்தான் ஒப்பிட முடியும்."

"தம்பி, நான் அவரு பேரச் சொன்னதே இல்ல."

இம்தியாஸுக்கு முதலில் விளங்கவில்லை.

"கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்துல ஒரு வாட்டிகூடச் சொன்னதில்ல. மாமியாருக்குப் பயந்து சொல்லாம இருந்தன். அவங்க போனதுக்கப்பறம் நாக்கு வரல. என்ற கிளாஸ்ல அந்தப் பேர்ல ஒரு பையன் இருந்தான், அவன 'இனிசியல் பி'ன்னுதான் வருஷம் பூராவும் கூப்புட்டன். பசங்க சிரிப்பானுங்க. எங்க ஊர்ல என் வயசுக்காரிங்க பாதிப் பேரு இப்படித்தான். இருட்டுக்குள்ள, கையில ஊசியோட, டமடமன்னு சத்தத்துக்கு நடுவுல படுத்திருக்கற மனுசன நான் பேர் சொல்லிக் கூப்புட்டா அவரு நாடி என்னத்துக்கு ஆகும்? ஊரே எரியுதுன்னுதான் நெனைப்பாரு!"

இம்தியாஸ் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்த மெஷின் இங்க வந்து எட்டு மாசமாச்சு டீச்சர்" என்றார். "வயசானவங்களுக்கு நிறைய பேருக்கு பொண்டாட்டி குரல்தான் பதற்றக் குரல்னு வந்துச்சு. நாங்க... நாங்க சிரிச்சுக்கிட்டோம். கல்யாணம்னா அப்படித்தான்னு கேன்டீன்ல ஜோக்கே உண்டு. எங்க அம்மாவும் எங்க வாப்பா பேரைச் சொல்ல மாட்டாங்க. எனக்கே தோணலியே."

"அந்தப் பொம்பளைங்க எல்லாம்?"

"வெளியதான் உக்காந்திருந்தாங்க."

அதில் எத்தனை பேருடைய கணவர்கள் ஆபரேஷன் மேசையிலிருந்து திரும்பவில்லை என்று டீச்சர் கேட்கவில்லை. இம்தியாஸ் முகத்தைப் பார்த்தால் அவர் அதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. வராந்தாவில் தான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில், பட்டை கெட்டுப்போனதென்று நினைத்தோ, தன் வாழ்க்கையே கெட்டுப்போனதென்று நினைத்தோ, எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்து போனார்களோ. டீச்சர் குனிந்து, கீழே போட்ட கருவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

நாச்சிமுத்துவுக்கு ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் விசாலி கெட்டிக்காரர், பிடிவாதம் இல்லாதவர். இம்தியாஸ் விஷயத்தைச் சொன்னதும் கைகளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே, எங்க பாட்டிகூட..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மறு சோதனைக்கு உடனே ஒப்புக்கொண்டார். இந்த முறை காந்தம் வேண்டாம், படுக்கையிலேயே காதில் மாட்டினால் போதும்.

"அவரை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க டீச்சர்?"

"ஏனுங்கன்னு."

"அவ்வளவுதானா?"

"கோவமா இருந்தாலும் ஏனுங்கதான். சந்தோசமா இருந்தாலும் ஏனுங்கதான்."

மென்பொருளில் பெயர் இருந்த இடத்தில் 'ஏனுங்க' ஏறியது. டீச்சர் கட்டுப்பாட்டு அறையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நாடி இறங்கும் என்றுதான் அவர் நினைத்தார். துரைசாமியைவிட நன்றாகவே இறங்கும். முப்பத்தொரு வருடம் கூடவே வாழ்ந்த குரல், அது இறக்காமல் வேறு யாருடைய குரல் இறக்கும்?

இம்தியாஸ் திரையைப் பார்த்தார். இன்னொரு தடவை ஓட்டினார். மூன்றாவது தடவையும் ஓட்டினார்.

"சொல்லுங்க தம்பி."

"பதற்றமே இல்ல டீச்சர். எழுபத்திரண்டுல இருந்துச்சு, எழுபத்திரண்டுலயே நிக்குது."

"எறங்கல?"

"ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. எந்த மாற்றமும் இல்லன்னு வருது."

"நல்ல செய்திதான் டீச்சர்" என்றார் டாக்டர் விசாலி, வேறு வேலைக்குக் கிளம்பிக்கொண்டே. "உங்களால அவருக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க தாராளமா உள்ள போகலாம்."

ஒன்றும் ஆகாது. கதவில் பச்சை விளக்கு எரிந்தது. நுழையும்போது டீச்சருக்கு, சிவப்பே தேவலையாக இருந்திருக்கும் என்று தோன்றியது. வெளியே உட்கார்ந்திருந்தபோது கோபமாவது துணைக்கு இருந்தது. சுவரில் ஓடுகிற மின்விசிறிச் சத்தத்துக்கும் யாருக்கும் நாடி ஏறுவதோ இறங்குவதோ இல்லை.

நாச்சிமுத்து தலையணையில் சாய்ந்திருந்தார். மீசை மட்டும் பழையபடி இருந்தது. மற்றதெல்லாம் ஒரே நாளில் இளைத்துவிட்டது. டீச்சரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"எங்க போயிட்ட வாணி? உன்னையத்தான் பாத்துட்டே இருந்தன்."

"இங்கதானுங்க இருந்தன். உடமாட்டேன்னுட்டாங்க." பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி குத்திய இடம் நீலமாகக் கன்றியிருந்தது.

"துரைசாமி கூப்புட்டானா?"

"கூப்புட்டாரு. மோட்டாரு பக்கத்துத் தோட்டத்துப் பையன் போட்டுட்டான். நீங்க அதையெல்லாம் நெனைக்காதீங்க."

அவர் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு, கல்யாணமான புதுசில் சினிமாவுக்குக் கூப்பிட்டபோது இருந்த அதே கள்ளத்தனமான முகத்தோடு மெல்லச் சொன்னார். "காத்தால அந்தக் குழாய்க்குள்ள படுத்திருக்கறப்ப நீ கூப்புட்டயே."

டீச்சர் கன்றியிருந்த இடத்தைத் தடவிக்கொடுத்தார்.

"எம் பேரச் சொல்லி. மொதல்ல திக்குனு ஆயிப்போச்சு. உனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சன். எந்திரிச்சு ஓடலாம்னா கட்டி வேற போட்டிருக்கறாங்க. அப்பறம் மூச்ச இழுங்கன்னு சொல்லவும், ஓகோ, எல்லாம் நல்லாத்தான் இருக்குதுன்னு புரிஞ்சுது. அதுக்கப்பறம்..." அவர் சிரித்தார். "அதுக்கப்பறம் நல்லா இருந்துச்சு வாணி. கல்யாணமான புதுசுல ஒரே ஒரு வாட்டி சொல்லுன்னு எத்தன கெஞ்சிருப்பன். மாட்டவே மாட்டேன்னுட்ட. நாளைக்கு நான் என்ன ஆனாலுஞ் சரி, அது போதும்."

படுக்கைக்கு மேலே திரையில் நாடி எழுபத்தாறு காட்டியது. டீச்சர் அதைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். ஒரு தலையசைப்புகூடப் போதும். ஆனால் செய்யாத காரியத்துக்கு நல்ல பெயர் வாங்குவது அவருக்குப் பழக்கமில்லை. காப்பியடித்துப் பாஸானவனைப் பார்த்தால் வருகிற அருவருப்பு இப்போது தன் மேலேயே வந்தது. கூடவே, அந்த மெஷின் தனக்கு முன்னால் சொல்லிவிட்டதே என்ற பொறாமையும் இருந்தது. எது முந்திக்கொண்டதோ தெரியவில்லை.

"அது நானில்லீங்க" என்றார். "மிசினு. எல்லாரு குரலையும் செஞ்சு வெச்சிருக்கறாங்க. அதுதான் என்ற குரல்ல பேசியிருக்குது."

நாச்சிமுத்து அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மிசினா."

"ஆமாங்க."

"அச்சு உன்ற குரலாட்டவே இருந்துச்சு." கண்ணை மூடிக்கொண்டார். "அதுவுஞ் செரிதான். நீ எங்க சொல்லப் போற."

நாடி எழுபத்திரண்டுக்கு வந்து நின்றது. அதன் பிறகு மகள் எப்போது வந்து சேருவாள், வாழைக்கு முட்டுக் கொடுத்தாயிற்றா என்று அவர்கள் வேறு விஷயங்கள் பேசினார்கள். பார்வையாளர் நேரம் முடிந்ததும் கதவு டீச்சரை மரியாதையாக வெளியே அனுப்பியது.

மறுநாள் ஆபரேஷன் நடந்த நேரம் முழுக்க டீச்சர் ஒரே ஒரு வார்த்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நேற்றே சொல்லியிருக்கலாம். 'அது மிசினு' என்று சொல்லிவிட்டு, 'இது நான்' என்று அடுத்த மூச்சிலேயே சொல்லியிருக்கலாம். ஆறே எழுத்து, என்ன பெரிய மலை? உண்மையைச் சொல்லிவிட்டோம் என்ற திருப்தி இருக்கிறதே, அது மறுநாள் காலையில் எதற்கும் உதவவில்லை. அவர் திரும்பி வரட்டும், சொல்லிவிடுகிறேன் என்று முருகனிடம் ஒப்பந்தம் போட்டார். பெண்கள் கழிவறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல வந்தது. நாலைந்து முறைக்குப் பிறகுதான் ஒரு மனுஷியின் குரல்போல வந்தது. வெளியே வந்தபோது காதெல்லாம் சூடாக இருந்தது.

டாக்டர் விசாலி மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டே வந்தார். முகத்தைப் பார்த்ததுமே டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. ரத்தம் தடையில்லாமல் ஓடுகிறது, இனி நாடி கொஞ்சம் ஏறினாலும் பயமில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றார். அதோடு ஒன்றும் சொன்னார். பெயர் சொல்லித் தொடங்குவதை நிறுத்திவிட்டார்களாம். பழைய பதற்றக் குரல் பட்டியல் முழுவதையும் திரும்பப் பார்க்கிறார்களாம். இம்தியாஸ்தான் காலையிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்காரம்மாவாகப் போன் செய்துகொண்டிருக்கிறார் என்றார். அதில் சில போன்களை அவர் எப்படிப் பேசி முடித்திருப்பார் என்று டீச்சரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மாலையில் உள்ளே விட்டார்கள். நாச்சிமுத்துவின் வாயிலிருந்து குழாயை எடுத்திருந்தார்கள். மயக்கம் பாதி தெளிந்தும் தெளியாமலும் கண் மூடிக் கிடந்தார். உதடு வறண்டிருந்தது. டீச்சர் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒற்றிவிட்டார். நர்ஸ் அடுத்த படுக்கையில் யாருக்கோ மருந்துப் பையை மாற்றிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குனிந்தார். அவர் காதோரம் வாயை வைத்துச் சொன்னார்.

"நாச்சிமுத்து."

பிறகு, இன்னும் மெல்ல, "நாச்சிமுத்து" என்று மறுபடியும் சொன்னார். இந்த முறை சுலபமாக வந்தது. இத்தனை நாள் இதைச் சொல்லாமல் எப்படி இருந்தோம் என்றுகூட இருந்தது.

திரையில் நாடி சரசரவென்று ஏறியது. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். நாச்சிமுத்துவின் புருவம் சுருங்கியது. கண் திறக்காமலே தலையை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

"சிஸ்டர்" என்றார், குழறலாக. "அந்த மிசின நிறுத்திப் போடுங்க."

டீச்சருக்குக் குனிந்த முதுகு நிமிரவில்லை.

"எம்பொண்டாட்டியாட்டவே கூப்புடுது. வேண்டாஞ் சாமி. அவ இப்படிக் கூப்புட மாட்டா." மூச்சு வாங்கியது. "அவ வெளியதான் உக்காந்திருப்பா. அவள வரச் சொல்லுங்க."

நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டீச்சர் வேண்டாம் என்று தலையசைத்தார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போர்வைக்குள் கைவிட்டு அவருடைய கையைத் தேடிப் பிடித்தார்.

"ஏனுங்க" என்றார்.

சுருங்கிய புருவம் தளர்ந்தது. விரல்கள் அவருடைய விரல்களுக்குள் நுழைந்துகொண்டன.

"வந்துட்டயா வாணி" என்றார் நாச்சிமுத்து. "இத்தன நேரம் அந்த மிசினு உன்ற குரல்ல பேசிட்டு இருந்துச்சு. கேட்டயா?"

"கேட்டனுங்க" என்றார் டீச்சர்.